‘சென்ட்ரல் அமெரிக்கா’ நீராவிக் கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1857-ல் அட்லாண்டிக் கடலில் புயலில் மூழ்கிய இந்தக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது தங்கம்தான். கப்பல் எப்படி மூழ்கியது என்பது “புயல் அடிச்சுது, போயிடுச்சு” என்ற அளவில் முடிந்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். தங்கம் கடைசியில் வரும்.

இது என்ன கப்பல்? எங்கே, எப்போ மூழ்கியது?

நியூயார்க்கில் வில்லியம் வெப் என்பவரின் தளத்தில் கட்டப்பட்டு, 1853-ல் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல். மர உடல், சுமார் 85 மீட்டர் நீளம், இரண்டு நீராவி எஞ்சின்கள், இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள், மூன்று பாய்மரங்கள். முதலில் இதன் பெயர் ‘ஜார்ஜ் லா’. ‘சென்ட்ரல் அமெரிக்கா’ என்று 1857-ல்தான் மாற்றினார்கள்.

1857 செப்டம்பர் 3 அன்று பனாமா கரையின் ஆஸ்பின்வால் துறைமுகத்தை விட்டது. இன்றைய கொலோன் நகரம்தான் அது. ஹவானாவில் நின்று, 8-ம் தேதி நியூயார்க்கை நோக்கிக் கிளம்பியது. 9-ம் தேதி புயலில் மாட்டியது. 12-ம் தேதி சனிக்கிழமை இரவு எட்டு மணியளவில், தென் கரோலினா கரையிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர் தள்ளி மூழ்கியது. பயணிகள் 477, பணியாளர்கள் 101, ஆக 578 பேர். இறந்தவர்கள் 425.

கலிபோர்னியாவும் நியூயார்க்கும் ஒரே நாடுதானே, எதுக்கு பனாமாவைச் சுத்திப் போகணும்?

நாட்டின் குறுக்கே ரயில் பாதை 1869-ல்தான் முடிந்தது. அதுவரை மாட்டுவண்டியில் போனாலும், தென் அமெரிக்காவின் தென்முனையைப் பாய்க்கப்பலில் சுற்றினாலும் பல மாதங்கள் பிடிக்கும். பனாமா வழியில் மூன்று நான்கு வாரத்தில் போய்விடலாம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு கப்பல், நடுவில் 1855-ல் திறந்த சுமார் 77 கிலோமீட்டர் ரயில் பாதை, மறுகரையில் இன்னொரு கப்பல். இந்தப் பயணிகள் ஆகஸ்ட் 20 அன்று ‘சொனோரா’ என்ற கப்பலில் சான் பிரான்சிஸ்கோவை விட்டவர்கள். அவர்களோடு தபாலும் தங்கமும் வந்தன.

நீராவிக் கப்பல்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு பாய்மரம்?

அந்தக் காலத்து எஞ்சினை முழுதாக நம்பமுடியாது, நிலக்கரியும் விலை அதிகம். காற்று சாதகமாக இருந்தால் பாய் விரித்துக் கரியை மிச்சப்படுத்துவார்கள். எஞ்சின் நின்றால் பாய் கைகொடுக்கும் என்ற கணக்கும் உண்டு. அந்தக் கணக்கு இந்தக் கப்பலில் ஏன் பொய்த்தது என்பது கீழே வரும்.

ஹரிக்கேன்னா நம்ம ஊர் புயல் மாதிரிதானா?

அதேதான். வங்கக் கடலில் சைக்ளோன், அட்லாண்டிக்கில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன். வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து சக்தி பெற்று, நடுவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு சுழலும் ஒரே வகைப் புயல்தான் மூன்றும். சொல்லப்போனால் ‘சைக்ளோன்’ என்ற சொல்லே கல்கத்தாவில் பிறந்தது. அங்கே இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் வங்கக் கடல் புயல்களைப் பற்றிய கப்பல் குறிப்புகளைத் திரட்டி, காற்று வளைந்து சுழல்வதைக் கண்டு, 1848-ல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

அப்போ புயல் சுழலும்னு 1857-லயே தெரியும். தெரிஞ்சும் ஏன் ஒதுங்கிப் போகல?

சுழலும் என்று தெரியும். எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது. கடலில் இருக்கும் கப்பலுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. கம்பியில்லாத் தந்தி வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆகவேண்டும். அமெரிக்க அரசு வானிலை கவனிக்கும் பணியைத் தொடங்கியதே 1870-ல்தான். மாலுமியிடம் இருந்தவை பாரமானியும் காற்றின் திசையும் மட்டும். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். இது நல்ல விதிதான், ஆனால் புயலின் வேகத்தையோ பாதையையோ அது சொல்லாது.

இன்னொரு சங்கடம், பாதை. ஹவானாவிலிருந்து நியூயார்க் போகும் கப்பல்கள் புளோரிடாவை ஒட்டி வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்தில் ஏறிக்கொள்ளும், அதனால் வேகம் கூடும். அந்தப் பகுதிப் புயல்கள் பலவும் அதே திசையில்தான் நகரும். போதாததற்கு, வடக்கே ஓடும் நீரோட்டத்துக்கு எதிராக வடக்கத்திக் காற்று அடித்தால் அலைகள் சரிவாக எழாமல் சுவர் போலச் செங்குத்தாக நிற்கும். மர உடலின் மூட்டுகளுக்கு இதைவிடக் கெட்ட சோதனை கிடையாது.

காத்துல கவிழ்ந்துதானே மூழ்கியது?

இல்லை. அதிகம் பேர் தவறாக நினைப்பது இதைத்தான். புயல் தொடங்கி மூன்றரை நாள் கப்பல் மிதந்தது. கடைசி நாளில் காற்று தணியவே தொடங்கியிருந்தது. கப்பலைக் கொன்றது தண்ணீர், கரி, நீராவி மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்த வரிசை.

முதலில் நீர் கசிந்து உள்ளே சேர்ந்தது, கப்பல் ஒருபக்கம் சாய்ந்தது. கரி கிடங்கில் இருக்கிறது, அடுப்பு வேறிடத்தில். சமதளத்தில் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் கரியைச் சாய்ந்த தளத்தில் தள்ளமுடியவில்லை. ஆட்களை வரிசையாக நிறுத்திக் கைமாற்றிப் பார்த்தார்கள், அடுப்புகளின் பசிக்கு அது போதவில்லை. தீ மங்க, நீராவி அழுத்தம் இறங்கியது. இந்தக் கப்பலில் நீர் இறைக்கும் பம்புகளும் அதே நீராவியில்தான் ஓடின! ஆகவே கரி குறைந்தால் இறைப்பும் குறையும், இறைப்புக் குறைந்தால் சாய்வு கூடும், சாய்வு கூடினால் கரி இன்னும் குறையும். செப்டம்பர் 11 வெள்ளிக்கிழமை நண்பகல் வாக்கில் தண்ணீர் அடுப்புகளை எட்டியது, நெருப்பு அணைந்தது.

துடுப்புச் சக்கரக் கப்பலுக்குச் சாய்வு தனியாக ஒரு வினையும் வைக்கும். ஒரு சக்கரம் அச்சுவரை தண்ணீரில் புதைந்து திணறும், மறுபக்கச் சக்கரம் காற்றைத் துழாவும். உந்துவிசை அடுப்பு அணைவதற்கு முன்பே பாதி போய்விடும். எஞ்சின் நின்றதும் அணியத்தை, அதாவது கப்பலின் முன்பகுதியை, காற்றுக்கு நேராகப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. கப்பல் அலைகளுக்கு இடையிலான பள்ளத்தில் குறுக்காக விழுந்து, விலாவில் அடி வாங்கத் தொடங்கியது.

முதல்ல தண்ணி எங்கேருந்து வந்தது?

கப்பல் கடலடியில் கிடக்கிறது, யாரும் பரிசோதித்து அறிக்கை தரவில்லை. அதிகம் சுட்டப்படும் இடம் துடுப்புச் சக்கரத்தின் அச்சு கப்பலின் பக்கச்சுவரைத் துளைத்து வெளியே வரும் துளை. அச்சு சுழலவும் வேண்டும், நீர் புகவும் கூடாது. அதனால் அந்த இடைவெளியில் கொழுப்பில் தோய்த்த சணலைத் திணித்து இறுக்குவது அக்கால வழக்கம். சாதாரண நாளில் அந்தத் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். சாய்ந்தால் நீருக்குள் போகும். குலுக்கலில் அச்சு ஆட, திணிப்பு நெகிழும்.

அதோடு மர உடலின் பலகை மூட்டுகள் வாய்விட்டிருக்கலாம், கீழ்த்தளச் சாளரங்கள் உடைந்திருக்கலாம். உள்ளே வந்த நீரை ஓரிடத்திலேயே அடைத்துவைக்கும் நீர்புகாத் தடுப்புச்சுவர்கள் இல்லை. ஆக எங்கே புகுந்தாலும் அது கப்பல் முழுவதற்குமான நீர்.

ஐநூறு பேர் இருந்தாங்க, வாளியால இறைச்சிருக்கலாமே?

இறைத்தார்கள். வெள்ளி மதியத்திலிருந்து சனி மாலைவரை, ஒரு நாளுக்கும் மேலாக, ஆண்கள் வரிசை கட்டி நின்று வாளிகளைக் கைமாற்றினார்கள். அது ஏன் போதவில்லை என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு வாளிக்குப் பத்து லிட்டர், ஒரு வரிசையில் மூன்று விநாடிக்கு ஒரு வாளி மேலே வருகிறது என்று தாராளமாகவே வைப்போம். மணிக்கு 12,000 லிட்டர். மூன்று வரிசைக்கு 36 டன்.

இப்போது எதிர்ப்பக்கம். நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே, உள்ளங்கை அளவில், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதன் வழியே மணிக்குச் சுமார் 135 டன் நீர் உள்ளே பாயும். வாளி வரிசைகள் அதில் கால்பங்குதான். ஒரு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்ததிலிருந்தே கசிவு இதைவிடச் சிறியது என்று ஊகிக்கலாம். ஆனால் கசிவு களைப்படையாது. இறைப்பவர்கள் சோறும் தூக்கமும் இல்லாமல் நின்றவர்கள்.

எஞ்சின் நின்னா பாய் விரிச்சு ஓட்டியிருக்கலாமே?

புயலில் முழுப் பாய் விரிக்கமுடியாது. அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிவைக்க ஒரு சிறு புயல்பாய் போதும். அதை விரித்துப் பார்த்தார்கள், கிழிந்துபோனது. அடுத்த வழி, முன் பாய்மரத்தை வெட்டி வீழ்த்தி அணியத்தின் மேல் காற்றுப் பிடிப்பைக் குறைப்பது. அதையும் செய்தார்கள். துடுப்புச் சக்கரக் கூண்டுகளும் உயர்ந்த மேல்தளங்களும் கொண்ட கனமான கப்பல், உள்ளே நீர் வேறு. பாய்க்கப்பல் போல அது திரும்பவில்லை.

உதவிக்கு ஒரு கப்பல் வந்துச்சே, அது ஏன் எல்லாரையும் ஏத்திக்கல?

தலைகீழாகக் கட்டிய கொடி அபாயக் குறி. சனிக்கிழமை மதியம் அதைப் பார்த்து வந்தது ‘மரீன்’ என்ற சிறு பாய்க்கப்பல், தலைவர் ஹைரம் பர்ட். அதுவும் புயலில் அடிபட்டு, ஏறக்குறைய காற்று போன போக்கில் மிதந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் நிற்க முடியாததால் மணிக்கு மணி விலகிப் போனது. படகுகள் ஒவ்வொரு நடையிலும் முன்னைவிட அதிக தூரம் துடுப்புப் போடவேண்டியிருந்தது.

படகுகளும் குறைவு. இருந்தவை ஆறு, அவற்றில் பாதி புயலிலும் கப்பல் பக்கத்தில் மோதியும் நொறுங்கின. மிச்சப் படகுகளில் இருட்டுவதற்குள் சுமார் நூறு பேர் ‘மரீன்’ போய்ச் சேர்ந்தார்கள். ‘எல் டொராடோ’ என்ற இன்னொரு பாய்க்கப்பலும் அருகே வந்தது. காலைவரை பக்கத்தில் நிற்கும்படி கேட்டுக்கொண்டார்கள், ஆனால் கடல் அதையும் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பெண்களும் குழந்தைகளும் முதலில்னு அப்பவே சட்டம் இருந்ததா?

சட்டம் எதுவுமில்லை. அது தலைவரின் கட்டளையும் ஆண்களின் ஒப்புதலும்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன், 1854 செப்டம்பரில், ‘ஆர்க்டிக்’ என்ற அமெரிக்கப் பயணிகள் நீராவிக் கப்பல் நியூஃபவுண்ட்லாந்து அருகே மோதலில் மூழ்கியபோது படகுகளைப் பணியாளர்களும் வலுத்த ஆண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண்கூட, ஒரு குழந்தைகூடத் தப்பவில்லை. ‘சென்ட்ரல் அமெரிக்கா’வில் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் குழந்தைகளும் பிழைத்தார்கள். ஒரே நாட்டுக் கப்பல்கள், மூன்றே ஆண்டு இடைவெளி. தங்கத்தைவிட நினைவில் வைக்கவேண்டிய விஷயம் இது என்பது எங்கள் எண்ணம்.

மிதவைக் கவசம் இருந்துச்சாமே? பிறகு எப்படி 425 பேர்?

இருந்தது, பலர் கட்டியும் இருந்தார்கள். ஆனால் கவசம் மிதக்கவைக்குமே தவிரக் காக்காது. கப்பல் பின்பக்கமாக இறங்கியபோது எழுந்த சுழிப்பு பலரைக் கீழே இழுத்தது. மேலே வந்தவர்களை உடைந்த மரச்சட்டங்கள் தாக்கின. எஞ்சியவர்கள் இருட்டில், அலை முகத்தில் அடிக்க, ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

நள்ளிரவு தாண்டி ‘எலன்’ என்ற நார்வே நாட்டுப் பாய்க்கப்பல் அந்த வழியே வந்து, அலறலைக் கேட்டு, விடியும்வரை சுற்றிச் சுற்றி ஐம்பது பேர்போல மீட்டது. கடைசி மூவரை ஒரு வாரத்துக்கும் மேல் கழித்து, நீரோட்டம் பல நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளியபின், ‘மேரி’ என்ற கப்பல் கண்டது. அவர்களில் ஒருவர் இரண்டாம் எஞ்சினியர் ஜான் டைஸ். முதலில் ஒரு பலகையில் மிதந்து, பிறகு ஆளில்லாத படகொன்றைப் பிடித்தவர்.

பறவை வழிகாட்டினதால ‘எலன்’ வந்துச்சுன்னு ஒரு கதை ஓடுதே?

அதன் தலைவர் ஆண்டர்ஸ் ஜான்சன் அப்படித்தான் சொன்னார். ஒரு பறவை திரும்பத் திரும்ப முகத்தில் வந்து மோதியதாகவும், அதைக் குறியாக எடுத்துக்கொண்டு திசையை மாற்றியதாகவும். பறவை புயலில் அலைக்கழிந்து வெளிச்சத்தைத் தேடி வந்திருக்கலாம். அவர் திசை மாற்றியதும், அங்கே ஆட்கள் மிதந்ததும் உண்மை. அதற்கு மேல் நம்புவது அவரவர் விருப்பம்.

கேப்டன் மேல தப்பு உண்டா இல்லையா?

வில்லியம் லூயிஸ் ஹெர்ண்டன் கடற்படை அதிகாரி, அமேசான் பள்ளத்தாக்கை ஆராய்ந்தவர். அரசுத் தபால் ஒப்பந்தம் பெற்ற கப்பல்களைக் கடற்படை அதிகாரிகள் நடத்தவேண்டும் என்பது நிபந்தனை, அப்படித்தான் இங்கே வந்தார். கடைசிவரை கப்பலிலேயே இருந்து அதோடு போனார். அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. கொழுப்புப் பூசிய அந்தத் தூணில் முதலாண்டு மாணவர்கள் ஏறுவது இன்றும் நடக்கிறது, நம்ம வழுக்கு மரம் போல.

தப்பு என்று தேடினால், கசிவைக் கண்டுபிடித்து அடைப்பதிலும் கரி வரிசையை அமைப்பதிலும் எஞ்சின் அறை தாமதித்ததா என்று பார்க்கலாம். அந்தச் சர்ச்சை அப்போதே எழுந்தது. எங்கள் பார்வையில் பெரிய குறை வடிவமைப்பில்தான்: பம்பும் சக்கரமும் ஒரே அடுப்பை நம்பியிருந்தது, தடுப்புச்சுவர் இல்லாதது, 578 பேருக்கு ஆறு படகு. இவை எதையும் புயலுக்கு நடுவில் மாற்றமுடியாது.

எவ்வளவு தங்கம்? பவுன் கணக்குல சொல்லுங்க.

வணிகச் சரக்காகப் பதிவானது அன்றைய மதிப்பில் 12 முதல் 16 லட்சம் டாலர். அப்போது ஒரு டிராய் அவுன்ஸ் தங்கம் (சுமார் 31.1 கிராம்) 20.67 டாலர். அப்படிப் பார்த்தால் 1.8 முதல் 2.4 டன், அதாவது சுமார் 2¼ லட்சம் முதல் 3 லட்சம் பவுன். பயணிகள் பெட்டியிலும் இடுப்புக் கச்சையிலும் வைத்திருந்தது தனி.

அந்தக் கச்சைகள் பலரைக் குழப்பிய பொருள். இருபது டாலர் தங்க நாணயம் ஒன்று 33.4 கிராம், நாலு பவுனுக்குச் சற்று மேல். நூறு நாணயம் கட்டியிருந்தால் மூன்று கிலோவுக்கு மேல் எடை இடுப்பில். கடலில் குதிக்கும்முன் பலர் அதை அவிழ்த்து வீசினார்கள்.

இந்தத் தங்கம் போனதாலதான் 1857 பொருளாதார நெருக்கடி வந்துச்சாம்?

வரிசை தலைகீழ். ஓஹியோ லைஃப் என்ற நிறுவனம் நொடித்து நெருக்கடி வெடித்தது ஆகஸ்ட் 24 அன்று. அப்போது கப்பல் பனாமாவைக்கூட விடவில்லை. ஆனால் நியூயார்க் வங்கிகள் தங்கம் வருமென்று காத்திருந்த நேரத்தில் வராமல் போனது பீதியைக் கூட்டியது. அக்டோபர் நடுவில் அங்குள்ள வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தின.

130 வருஷம் கழிச்சு அவ்வளவு பெரிய கடல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

கணிதத்தால். டாமி தாம்ப்சன் தலைமையிலான ஓஹியோ குழுவுக்காக லாரன்ஸ் ஸ்டோன் என்ற கணிதர் சாத்தியக்கூறு வரைபடம் ஒன்றைத் தயாரித்தார். கையில் இருந்தவை மூன்று துப்புகள்: மேலே சொன்ன ‘எல் டொராடோ’வுக்கு ஹெர்ண்டன் தெரிவித்த நிலை (கடலில் இருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை), ‘எலன்’ குறித்த நிலை, ‘மரீன்’ குறித்த நிலை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்றை மட்டும் நம்பாமல், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பிழை இருக்கலாம், காற்றும் நீரோட்டமும் எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்று கணினியில் பலமுறை ஓட்டி, கடலைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நிகழ்தகவு போட்டார்கள். 1986-ல் பக்கவாட்டு ஒலியலைக் கருவியால் அந்தப் பரப்பைத் துழாவினார்கள்.

முதலில் நம்பிக்கையோடு இறங்கிய இடம் தவறானது. 1988 செப்டம்பரில், சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில், ‘நீமோ’ என்ற தொலை இயக்க எந்திரத்தின் கேமரா சரியான சிதைவைக் காட்டியது. எடுத்தவற்றில் ‘யுரேகா’ என்று பெயர்பெற்ற ஒரு கட்டி மட்டும் 29 கிலோ, 3,600 பவுனுக்கு மேல். அது 2001-ல் 80 லட்சம் டாலருக்கு விற்றது.

கண்டெடுத்தவருக்கே சொந்தம்தானே?

அவர்களும் அப்படித்தான் வாதாடினார்கள். 1857-ல் இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனங்களும் அவற்றின் வாரிசு நிறுவனங்களுமாக முப்பத்தொன்பது வந்து, பணம் கொடுத்தோம், பொருள் எங்களுடையது என்றன. முதல் நீதிமன்றம் கண்டெடுத்தவர்கள் பக்கம் தீர்த்தது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: உரிமையாளர் வெளிப்படையாகக் கைவிட்டால்தான் ‘கண்டெடுத்த பொருள்’, இல்லையேல் மீட்டவருக்கு மீட்புக் கூலிதான். நுட்பமான வேறுபாடு, ஆனால் நடைமுறையில் சுருங்கிவிட்டது. கூலியாகவே காப்பீடு செய்த தங்கத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் மீட்டவர்களுக்குப் போனது.

சண்டை அதோடு முடியவில்லை. பணம் போட்டவர்கள் தங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று 2005-ல் வழக்குத் தொடுத்தார்கள். மீட்ட தங்கத்தில் புதிதாக அச்சடித்த 500 நாணயங்கள் எங்கே என்று சொல்லாததற்காகத் தாம்ப்சன் 2015 டிசம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை வைக்கப்பட்டார்.

இன்னும் கீழே தங்கம் இருக்கா? ராணுவத்தோட ரகசியத் தங்கம் 15 டன்னு சொல்றாங்களே?

2014-ல் ஒடிசி மரீன் நிறுவனம் மறுபடி இறங்கி 15,500-க்கும் மேற்பட்ட நாணயங்களையும் 45 தங்கக் கட்டிகளையும் எடுத்தது. ஆக முதல் முறை எல்லாம் எடுக்கப்படவில்லை என்பது உறுதி. பயணிகள் வீசிய தங்கத்துக்குப் பட்டியல் கிடையாது, அதனால் முடிந்துவிட்டது என்று யாராலும் கணக்கு முடிக்க இயலாது. 15 டன் ராணுவத் தங்கம் அடிக்கடி எழுதப்படுகிறது, ஆனால் கீழே இறங்கிய இரண்டு தடவையிலும் அந்த அளவுக்கு எதுவும் அகப்படவில்லை.